பனிச்சிறுத்தை பார்க்க ஸ்பிதிக்கு: கிப்பர் சரணாலயம் போய்வர முழுமையான வழிகாட்டி

ஸ்பிதிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே வாரத்தில் பத்து இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கீ மடாலயம், ஹிக்கிம் அஞ்சலகம், சிச்சம் பாலம், சந்திரதால் ஏரி என்று ஒவ்வொன்றிலும் அரைமணி நேரம். கோடையில் மலையையும் மடாலயத்தையும் பார்க்கப் போகிறவர்களுக்கு அது போதும். பனிச்சிறுத்தையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தத் திட்டம் உதவவே உதவாது. அந்த விலங்கு கண்ணில் பட வேண்டுமென்றால் ஒரே ஊரில் தங்கி, ஒரே மலையிடுக்கின் விளிம்பில் நாட்கணக்கில் உட்கார வேண்டும். கையில் இருக்கும் நாட்களில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் கிப்பருக்கே கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. பாதை, உடை, மருந்து, செலவு எல்லாவற்றையும் அதை வைத்தே கீழே சொல்லியிருக்கிறேன்.

## எங்கே இருக்கிறது, ஏன் கிப்பர்

ஸ்பிதி, ஹிமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், திபெத் எல்லையை ஒட்டிக் கிடக்கும் குளிர்பாலைவனம். தெற்கே நிற்கும் மலைத்தொடர்கள் பருவமழையை மறித்துவிடுவதால் மழை மிகக் குறைவு. வருடத்தின் ஈரம் பெரும்பாலும் குளிர்காலப் பனியாகத்தான் வந்து இறங்குகிறது. ஆற்றோரத்தில் நட்டு வளர்த்த வில்லோ, பாப்லர் மரங்களைத் தவிர மரம் என்று அதிகம் பார்க்க முடியாது. பகுதியின் தலைமையூர் காஜா, ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் மேலே ஏறினால் 4,200 மீட்டரில் கிப்பர் கிராமம்.

கிப்பர் வனவிலங்குச் சரணாலயம் 1992இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 2,220 சதுர கிலோமீட்டர். இதுவும், 1987இல் அறிவிக்கப்பட்ட ‘பின்’ (Pin) பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவும், 2009இல் உருவான குளிர்பாலைவன உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் அடங்குகின்றன. அந்தக் காப்பகம் 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் சேர்ந்தது.

முதுமலையில் இருப்பதுபோல சஃபாரி வண்டியை இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஊர், வயல், யாக் எனும் சடைமாடு மேயும் சரிவு, காட்டு ஆடு மேயும் சரிவு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். வீட்டு மாடியில் நின்றபடியே காட்டு ஆட்டு மந்தையைப் பார்க்கலாம்.

2024 ஜனவரியில் வெளியான நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு, இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் 477 லடாக்கில். ஹிமாச்சலில் 51 மட்டுமே. அப்படியிருக்க ஏன் கிப்பர் என்று கேட்பது நியாயம்தான். முதல் காரணம் நில அமைப்பு. கிப்பருக்கும் பக்கத்து ஊரான சிச்சத்துக்கும் நடுவில் செங்குத்தாக வெட்டியதுபோல ஆழமான மலையிடுக்குகள் ஓடுகின்றன. நீங்கள் ஒரு விளிம்பில் உட்கார்ந்தால் எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணுக்கு எதிரே விரியும். சிறுத்தை அங்கே, நீங்கள் இங்கே, நடுவில் யாரும் தாண்ட முடியாத பள்ளம். அதற்கும் தொந்தரவு இல்லை, உங்களுக்கும் ஆபத்து இல்லை.

இரண்டாவது காரணம் அந்த ஊர் மக்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பனிச்சிறுத்தையின் முக்கிய இரை பாரல் எனப்படும் நீல ஆடும், ஐபெக்ஸ் எனப்படும் காட்டாடும். ஊராரின் ஆடு, மாடு, குதிரை, யாக் எல்லாம் மேயும் அதே புல்லைத்தான் பாரலும் மேய வேண்டும். புல் குறைந்தால் பாரல் குறையும். பாரல் குறைந்தால் சிறுத்தை யாக் கன்றையும் குதிரைக் குட்டியையும் தேடி வரும். சிறுத்தை வந்தால் ஊரார் பகையாவார்கள். 1990களில் இங்கே ஆய்வு செய்த சாருதத் மிஸ்ராவும் அவர் சார்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற வனவிலங்கு ஆய்வு அமைப்பும் ஊராரோடு உட்கார்ந்து பேசியதில், கிராமத்தின் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைப் பாரலுக்கென்று விட்டுவைக்க ஊர் ஒப்புக்கொண்டது. ஊருக்கு அதற்கு ஈட்டுத்தொகை உண்டு. 2002இல் கால்நடைக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கியது. வீட்டுக்காரர்களும் பிரீமியம் கட்டுகிறார்கள். சிறுத்தையோ ஓநாயோ அடித்த கால்நடைக்கு அந்த நிதியிலிருந்து இழப்பீடு வரும். மிஸ்ராவுக்கு 2022இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி தங்க விருது கிடைத்தது. ஹிமாச்சலில் அண்மையில் நடந்த கணக்கெடுப்பில், விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் கேமரா பொறிகள் வைப்பதிலும் படங்களைப் பிரித்துப் பார்ப்பதிலும் கிப்பர் பெண்களும் வேலை செய்திருக்கிறார்கள்.

எனவே, நீங்கள் தொலைநோக்கியில் பார்க்கப்போகும் சிறுத்தைக்கு இடம் விட்டுக்கொடுத்தவர்கள் உங்களுக்குச் சோறு போடும் அதே வீட்டுக்காரர்கள்தான். எங்கே தங்குவது, யாரை அமர்த்துவது என்று முடிவு செய்யும்போது இது நினைவிருக்கட்டும்.

## எந்த மாதம்

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. பிப்ரவரி மிக நல்லது.

மேலே புல்வெளிகளைப் பனி மூடிவிடுவதால் பாரலும் ஐபெக்ஸும் கீழ்ச் சரிவுகளுக்கு இறங்கிவருகின்றன, சிறுத்தையும் பின்னாலேயே இறங்குகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பனிச்சிறுத்தைகளின் இணைசேரும் காலமும்கூட. மற்ற மாதங்களில் சத்தமே இல்லாமல் தனியாகத் திரியும் விலங்கு, இந்தக் காலத்தில் மட்டும் நீளமாகக் கத்தித் துணையைத் தேடும். பனியில் காலடித் தடமும் தெளிவாக விழும்.

இதற்கான விலை குளிர். இரவில் சுழியத்துக்குக் கீழே 20 முதல் 25 பாகை சாதாரணம். அதற்கும் கீழே போகும் இரவுகளும் உண்டு. பகலில் வெயில் அடித்தாலும் காற்று எழும்பினால் முகத்தைத் திறந்து வைக்க முடியாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் சாலை எளிது, பச்சைப் பட்டாணி வயல்கள் அழகாக இருக்கும், பாரலையும் செந்நரியையும் பார்க்கலாம். பனிச்சிறுத்தை மட்டும் உயரத்தில் எங்கோ இருக்கும். கோடைப் பயணத்தைச் சிறுத்தைப் பயணம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

## அனுமதிச் சீட்டு

இந்தியக் குடிமக்களுக்கு ஸ்பிதிக்குள் நுழையத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் எல்லைப் பகுதி என்பதால் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமத்தின் அசலும், இரண்டு நகல்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஷிம்லாவிலிருந்து ஸ்பிதிக்கு ஏறும் பாதையில், ரெக்காங் பியோ ஊருக்கு மேலே சும்தோ வழியாக தாபோ வரையிலான பகுதி பாதுகாக்கப்பட்ட பகுதி. அதைக் கடக்க வெளிநாட்டவர் அனுமதி பெற வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியருக்கான ஓசிஐ (OCI) அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மணாலி வழியாகக் காஜா வந்தால் இந்த அனுமதி வேண்டியதில்லை, ஆனால் அந்த வழி குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும். எனவே குளிர்காலப் பயணம் என்றால் அனுமதி கட்டாயம். ஷிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ வாங்கலாம். அரசு அலுவலகம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறை நாளிலும் போய் நிற்காதபடி பயண நாட்களை அமையுங்கள்.

சரணாலயத்துக்குள் நடப்பதற்கும் படம் எடுப்பதற்கும் வனத்துறையிடம் என்ன கட்டணம், என்ன சீட்டு என்பதை நீங்கள் தங்கப்போகும் வீட்டுக்காரரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். வனவிலங்குக் கோட்ட அலுவலகம் காஜாவிலேயே இருக்கிறது. கிப்பருக்கு ஏறுவதற்கு முன் அந்த வேலையை முடித்துவிடலாம்.

## பாதை: மெதுவாக ஏறுங்கள்

ஸ்பிதிக்கு இரண்டு வழிகள். மணாலியிலிருந்து அடல் சுரங்கம், குன்சும் கணவாய், லோசர் வழியாகக் காஜா வரும் சாலை சுமார் 200 கிலோமீட்டர்தான். ஆனால் குன்சும் 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் அல்லது நவம்பரில் மூடினால் மே கடைசி, ஜூன் வரை திறக்காது. இன்னொன்று ஷிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றோரமாகக் கின்னோர் வழியாக ஏறும் சாலை. 400 கிலோமீட்டருக்கு மேல். பனிப்பொழிவு, நிலச்சரிவு நாட்கள் தவிர வருடம் முழுக்கத் திறந்திருக்கும்.

குளிர்காலத்தில் வேறு வழியில்லை, கின்னோர் பாதைதான். கோடையில் முதல்முறை போகிறவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் என்பதால் உடம்பு பழகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. மணாலி வழியில் வந்தால் ஒரே நாளில் 2,000 மீட்டரிலிருந்து 4,500 தாண்டிக் காஜாவில் இறங்குவீர்கள், இரவெல்லாம் தலைவலியோடு புரளுவீர்கள்.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் விமானத்தில் சண்டிகர் வருவது எளிது. தில்லி வரை ரயிலில் வந்து அங்கிருந்து பேருந்திலும் போகலாம். பிறகு இப்படி:

முதல் நாள் சண்டிகரிலிருந்து ஷிம்லா தாண்டி நார்க்கண்டா, சுமார் 2,700 மீட்டர். ஷிம்லாவிலேயே தங்கினாலும் சரி, அடுத்த நாள் பயணம் மட்டும் நீளும்.

இரண்டாம் நாள் ராம்பூர் வழியாக ரெக்காங் பியோ, அங்கிருந்து மேலே கல்பா, 2,960 மீட்டர். எதிரே கின்னர் கைலாயம் தெரியும். குளிர் எப்படி இருக்கும் என்பது இங்கேதான் முதலில் புரியும். உடையில் ஏதாவது குறை தெரிந்தால் ரெக்காங் பியோ கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேலே கடைகள் குறைவு.

மூன்றாம் நாள் காப் என்ற இடத்தில் சட்லெஜும் ஸ்பிதி ஆறும் கூடுவதைப் பார்த்துவிட்டு, நாகோ வழியாக தாபோ. பலர் நாகோவில் தங்கச் சொல்வார்கள். அது 3,660 மீட்டர். தாபோ அதைவிடத் தாழ்வு, 3,280 மீட்டர். கடந்துபோகும் இடம் உயரமாக இருந்தாலும் தூங்கும் இடம் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது மலைப்பயணத்தின் அடிப்படை. அதனால் தாபோவே நல்லது. நாகோவுக்கு முன்னும் பின்னும் கற்கள் உருளும் பகுதி. வெயில் ஏறி மண் இளகுவதற்குள், காலையிலேயே கடந்துவிடுவது நல்லது.

நான்காம் நாள் தாபோவிலிருந்து காஜா, 47 கிலோமீட்டர்தான். காலையில் தாபோ மடாலயத்தை நிதானமாகப் பாருங்கள். கி.பி. 996இல் நிறுவப்பட்டது. மண் சுவருக்குள்ளே அந்தக் காலத்து ஓவியங்களும் சுதைச் சிற்பங்களும் இன்னும் அப்படியே இருக்கின்றன. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. கைவிளக்கு ஒன்று எடுத்துப்போங்கள்.

ஐந்தாம் நாள் காஜாவிலேயே ஓய்வு. இந்த நாளை வெட்டத்தான் எல்லோருக்கும் ஆசை வரும், வெட்டாதீர்கள். பணம் எடுப்பது, வண்டிக்கு எரிபொருள் நிரப்புவது, வன அலுவலக வேலை, வீட்டுக்குப் பேசுவது எல்லாவற்றையும் அன்றைக்கு முடியுங்கள். குளிர்காலத்தில் ஏடிஎம்மை முழுக்க நம்பாமல் போதுமான ரொக்கம் கீழிருந்தே கொண்டுவருவது உசிதம்.

ஆறாம் நாள் கிப்பர். வழியில் குன்றின் மேல் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் கீ மடாலயம். அதற்குப் பிறகு ஐந்து அல்லது ஆறு இரவுகள் வேறெங்கும் போகாமல் கிப்பரிலேயே இருங்கள்.

வாடகை வண்டி எடுத்தால் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியாக, பனிச்சங்கிலி இருப்பதாக, கின்னோர் அல்லது ஸ்பிதிக்காரர் ஓட்டுவதாகப் பாருங்கள். பனியில் வண்டி ஓட்டிப் பழகாதவர்கள் சொந்த வண்டியில் வருவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். செலவைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு ஹிமாச்சல் அரசுப் பேருந்து இருக்கிறது. ரெக்காங் பியோவிலிருந்து அதிகாலையில் கிளம்பி மாலையில் காஜா வந்து சேரும். பனி விழுந்தால் பேருந்து எங்கே நிற்குமோ அங்கேயே நீங்களும் தங்க வேண்டியதுதான்.

## உயரம் உடம்பை என்ன செய்யும்

கிப்பரின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவே. தினமும் ஓடுகிறவர், உடற்பயிற்சி செய்கிறவர் என்பதெல்லாம் இங்கே கணக்கில்லை. நல்ல உடற்கட்டு உள்ள இளைஞர்கள் வேகமாக ஏறி விழுந்துவிடுவதும், அறுபது வயதுக்காரர்கள் நிதானமாக ஏறி நன்றாக இருப்பதும் வழக்கமாக நடப்பதே.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, காரணமில்லாத சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். தலைவலியோடு இதில் ஏதாவது சேர்ந்தால் அதை உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால் இறங்க வேண்டும்.

கீழே சொல்லும் இரண்டு வகை அறிகுறிகளில் எது வந்தாலும் விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரைச் சளி என்றால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது. நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது என்றால் மூளை வீங்குகிறது. ஒரு காலின் விரல் நுனியை மறுகாலின் குதிகால் தொடும்படி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் வண்டியில் ஏற்றிவிடுங்கள். காஜாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஆக்சிஜன் கிடைக்கும். அங்கேயும் தேறாவிட்டால் தாபோவுக்கு இறக்குங்கள். அது கிப்பரைவிட 900 மீட்டருக்கு மேல் தாழ்வு. இதனால்தான் கிப்பரில் இருக்கும் நாள் முழுக்க வண்டியும் ஓட்டுநரும் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். கொண்டுவந்து விட்டுவிட்டுக் காஜாவுக்குத் திரும்பிவிடும் ஏற்பாடு மலிவாக இருக்கும், நள்ளிரவில் உதவாது.

அசெட்டசோலமைடு மாத்திரை பழக்கப்படுதலை விரைவாக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம், வேறு மருந்துகளோடு சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். கிளம்புவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் அளவும் நாளும் கேட்டு வாங்குங்கள். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் தெளிவாகச் சரி என்று சொல்லாமல் வர வேண்டாம். முதல் சில இரவுகளில் மது வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம். குளிரில் தாகமே எடுக்காது, ஆனால் காற்று வறண்டது. வெந்நீர்க் குடுவையைப் பக்கத்திலேயே வைத்து அடிக்கடி குடியுங்கள். பயணக் காப்பீடு எடுத்தால் 4,000 மீட்டருக்கு மேலும் செல்லுபடியாகுமா என்று எழுத்தில் பாருங்கள்.

## உடையும் கருவியும்

நம் ஊர்க் கடையில் கிடைக்கும் ஒரு தடித்த ஸ்வெட்டர் இங்கே பயன்படாது. அடுக்கடுக்காகப் போட வேண்டும்: உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதன்மேல் இறகு நிரப்பிய தடித்த ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் பனியும் புகாத ஓர் உறை. நடக்கும்போது ஒன்றைக் கழற்றுங்கள், உட்கார்ந்ததும் உடனே போடுங்கள். வியர்த்து ஈரமான துணியோடு விளிம்பில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் நடுக்கம் தொடங்கிவிடும். பருத்தி உள்ளாடை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

அதிகம் கஷ்டப்படுவது கால் விரலும் கைவிரலும்தான். ஒரு அளவு பெரிய, உள்ளே காப்பிட்ட காலணி வாங்கி இரண்டு காலுறை போட இடம் விடுங்கள். மெல்லிய கையுறை ஒன்று, அதன்மேல் விரல்கள் சேர்ந்த தடித்த கையுறை ஒன்று. உறைபனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் முள்பட்டை கட்டாயம். உட்காரக் கனமான நுரை விரிப்பு ஒன்று எடுத்துப்போங்கள். பனிமேல் மணிக்கணக்கில் உட்கார அதைப்போல உதவும் பொருள் வேறில்லை. பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுத்துவிடும், எனவே நல்ல கறுப்புக் கண்ணாடியும் முகத்துக்குக் களிம்பும் வேண்டும். மேலே தெரியும் உடை பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சையாக இருக்கட்டும்.

தொலைநோக்கி 8×42 அல்லது 10×42. கேமராவைவிட இது முக்கியம். படம் எடுக்கிறவர்களுக்கு 500, 600 மில்லிமீட்டர் லென்ஸ்கூடப் பல நாட்களில் போதாது. குளிரில் மின்கலம் பாதியிலேயே செத்துப்போகும். உபரி மின்கலங்களைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வையுங்கள், இரவில் போர்வைக்குள் வையுங்கள். வெளியிலிருந்து அடுப்பெரியும் அறைக்குள் வரும்போது கேமராவைப் பையிலேயே மூடி வைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். இல்லையென்றால் லென்ஸுக்குள் ஈரம் கோத்துவிடும்.

## கிப்பரில் தங்குவது

ஊர்க்காரர்களின் வீட்டில் தங்குங்கள். தடித்த மண்சுவர், தாழ்ந்த கூரை, நடுவில் புகைக்குழாய் வைத்த இரும்பு அடுப்பு. விறகும் காய்ந்த சாணமும் எரியும். பகல் முழுக்க வாழ்க்கை அந்த ஓர் அறையில்தான் நடக்கும். இரவில் உங்கள் அறையில் அடுப்பு இருக்காது அல்லது அணைந்துவிடும். தூங்கும்போது நெருப்பு எரியும் அறையைக் காற்றுப் புகாமல் அடைப்பது ஆபத்து, அதனால் அணைப்பதே சரி. ரஜாய் எனப்படும் கனத்த பஞ்சுப் போர்வை இரண்டு மூன்று கொடுப்பார்கள். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கலாம்.

குழாய்கள் உறைந்துவிடுவதால் தண்ணீர் வாளியில் வரும். குளியலை மறந்துவிடுங்கள். கழிவறை உலர் வகை: மேல்தளத்தில் தரையில் ஒரு துளை, உபயோகித்ததும் மண்ணும் சாம்பலும் தள்ள வேண்டும். வசந்தத்தில் அதுவே வயலுக்கு எருவாகப் போகும். அதனால் அதற்குள் தண்ணீர், டிஷ்யூ, பிளாஸ்டிக், நாப்கின் எதையும் போடக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த எருவில்தான் அவர்களின் பார்லியும் பட்டாணியும் விளைகின்றன.

சாப்பாடு எளிமையாகவும் சூடாகவும் இருக்கும். சோறு, பருப்பு, ராஜ்மா, உருளைக்கிழங்கு, துக்பா என்ற நூடுல்ஸ் சூப், மோமோ, ஆவியில் வெந்த டிங்மோ ரொட்டி. சைவக்காரர்களுக்குச் சிரமமே இல்லை. உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் முதல் வாய்க்கு வித்தியாசமாகத் தெரியும். அதை ஒரு சூப் என்று நினைத்துக் குடித்தால் பிடித்துப்போகும், அந்தக் குளிருக்கு அது நல்லதும்கூட. குளிர்காலத்தில் காய்கறி கீழிருந்து வர வேண்டும். அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். ஊறுகாயும் பொடியும் கொண்டுபோனால் வீட்டுக்காரர்களுக்கும் கொடுங்கள்.

பார்க்கிறவர்களிடம் “ஜூலே” என்று சொல்லுங்கள். வணக்கம், நன்றி இரண்டுக்கும் அது ஒன்றே.

## தேடல் எப்படி நடக்கிறது

விடியற்காலை இருட்டிலேயே தடம் பார்க்கும் உள்ளூர்க்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். முந்தின நாள் சிறுத்தை எங்கே இருந்தது, புதிய தடம் எந்தப் பக்கம் போகிறது, பாரல் மந்தை எந்தச் சரிவில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு ஆளுக்கொரு விளிம்பில் உட்கார்ந்து எதிர்ச்சுவரை அங்குலம் அங்குலமாக அலசுவார்கள். கண்டால் வயர்லெஸ்ஸில் செய்தி வரும். நீங்கள் காலை உணவை முடித்துத் தயாராக இருக்க வேண்டும். செய்தி வந்தபிறகு காலணி தேடக் கூடாது. அரைமணி நேரம் நடந்தாலும் நடக்கலாம், இரண்டு மணி நேரம் ஏறினாலும் ஏறலாம்.

செய்தி வராத நாட்களே அதிகம். அப்போது நீங்களும் போய் உட்கார்ந்து தேடுங்கள். முழு மலையையும் பார்க்கப் போனால் ஒன்றும் தெரியாது. ஒரு பாறை முகட்டை எடுத்துக்கொண்டு இடமிருந்து வலமாக மெதுவாகப் பாருங்கள். பனியும் பாறையும் சேரும் கோடு, வெயில் படும் விளிம்பு, தொங்கு பாறையின் அடி ஆகியவற்றில் கவனம் வையுங்கள். வாலைத் தேடுங்கள் என்று தடம் பார்ப்பவர்கள் சொல்வார்கள். உடம்பின் நீளத்தை நெருங்கும் அந்தத் தடித்த வால் அசையும்போதுதான் பாறைக்குள்ளிருந்து விலங்கு பிரிந்து தெரியும். மற்ற விலங்குகளையும் கவனியுங்கள். மேய்ந்துகொண்டிருந்த பாரல்கள் எல்லாம் சட்டென்று நின்று ஒரே பக்கம் வெறித்தால் அங்கே ஏதோ இருக்கிறது. பாறு கழுகுகளும் அண்டங்காக்கைகளும் ஒரே இடத்தில் வட்டமிட்டால் இரை விழுந்திருக்கலாம்.

பெரிய இரை விழுந்திருந்தால் சிறுத்தை மூன்று, நான்கு நாட்கள்கூட அதன் பக்கத்திலேயே இருக்கும். அந்த நாட்களில் ஊரில் இருப்பவருக்குக் கிடைக்கும் காட்சி, ஓரிரு இரவு தங்கிவிட்டு ஓடுகிறவருக்குக் கிடைப்பதில்லை.

கண்டபிறகும் பொறுமை வேண்டும். சிறுத்தை பகலில் பெரும்பாலும் தூங்கும். தலையைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி படுக்கும். தூரம் 200 மீட்டராக இருக்கலாம், ஒரு கிலோமீட்டராகவும் இருக்கலாம். தடம் பார்ப்பவரின் பெரிய தொலைநோக்கியில் வரிசையாக நின்று பார்க்க வேண்டியிருக்கும். மாலை நிழல் விழுந்ததும் எழுந்து சோம்பல் முறித்து முகட்டு வழியே நடக்கத் தொடங்கும். அந்த நேரத்துக்கு முன்பே குளிர் தாங்காமல் கிளம்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். இன்னொரு அடுக்கு உடையும் வெந்நீரும் பையில் இருந்தால் நீங்கள் இருந்து பார்க்கலாம்.

பார்க்க முடியாமலும் போகலாம். அதை ஏற்றுக்கொண்டுதான் வர வேண்டும். உத்தரவாதம் தருகிறேன் என்று சொல்பவர்கள், அந்த உத்தரவாதத்தைக் காப்பாற்ற விலங்கை நெருங்கத் தயங்க மாட்டார்கள். சிறுத்தை இல்லாத நாளிலும் ஐபெக்ஸ் கிடாய்கள் கொம்பு முட்டுவது, தாடிப் பாறு கழுகு எலும்பைப் பாறையில் போட்டு உடைப்பது, பனியில் செந்நரி எலி தோண்டுவது எல்லாம் பார்க்கக் கிடைக்கும்.

## செய்யக் கூடாதவை

பனிச்சிறுத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது, ஹிமாச்சலின் மாநில விலங்கும் அதுவே. ஆனால் குளிரில் அந்த விளிம்பில் சட்டத்தைக் காவல் காக்க யாரும் நிற்பதில்லை. நீங்களேதான் கட்டுப்பாடாக இருக்க வேண்டும்.

பள்ளத்தின் இந்தப் பக்கமே இருங்கள். சிறுத்தை இருக்கும் சரிவில் இறங்கவோ, அது நடக்கப்போகும் முகட்டை மறிக்கவோ கூடாது. இரையின் மேல் இருக்கும் சிறுத்தையைத் துரத்திவிட்டால் அது அந்த இரையைக் கைவிட்டுவிடும். அடுத்த வேட்டை ஊராரின் யாக்காக இருக்கலாம். குட்டிகளோடு இருக்கும் தாய்க்கு இன்னும் அதிக தூரம் விடுங்கள். ட்ரோன் கொண்டுவர வேண்டாம். இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா என்று தடம் பார்ப்பவரிடம் கேட்காதீர்கள். உங்கள் பணத்தில் வேலை செய்கிறவர் முடியாது என்று சொல்லச் சங்கடப்படுவார்.

குப்பை பற்றி ஒரு வார்த்தை. ஸ்பிதியில் தெருநாய்கள் பெருகிவிட்டன. பயணிகளின் மிச்ச உணவும் குப்பையும் அவற்றை வளர்க்கின்றன. கூட்டமாகச் சேரும் நாய்கள் ஊராரின் ஆட்டையும் அடிக்கின்றன, பாரலையும் அடிக்கின்றன. நாய்க்கு இரக்கப்பட்டு பிஸ்கட் போடுவது இங்கே நல்ல காரியம் ஆகாது. பிளாஸ்டிக் உறை, தீர்ந்த மின்கலம், மருந்து அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி சண்டிகர் வரை திரும்பக் கொண்டுபோங்கள்.

## பணமும் முன்பதிவும்

அக்டோபரிலேயே பேசத் தொடங்குங்கள். செலவில் பெரும்பகுதி வண்டிக்கும் தடம் பார்ப்பவர்களுக்கும் போகும், தங்குவதும் சாப்பாடும் அதற்குப் பிறகுதான். நான்கு பேர் சேர்ந்து போனால் வண்டிச் செலவு வெகுவாகக் குறையும். ஏற்பாட்டாளர் மூலம் போனால் இவற்றைக் கேளுங்கள்: கிப்பரில் எத்தனை இரவு, தடம் பார்ப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் உள்ளூர்க்காரர்களா, அவர்களின் நாள்கூலி என்ன, வண்டி இரவும் ஊரில் நிற்குமா, ஆக்சிஜன் உருளை இருக்கிறதா, சாலை மூடினால் கூடுதல் நாட்களின் செலவு யாருடையது. கிப்பர் இரவு நான்குக்குக் கீழே என்றால் வேறு ஆளைப் பாருங்கள். நடுவில் லாங்சா, கோமிக், ஹிக்கிம் என்று சுற்றுலா சேர்த்திருந்தால் அதை எடுத்துவிட்டு அந்த நாட்களையும் கிப்பரில் போடச் சொல்லுங்கள்.

## திரும்பும் வழி

இறங்குவதற்கு மூன்று நாள் போதும்: காஜா அல்லது தாபோ, கல்பா அல்லது ராம்பூர், பிறகு சண்டிகர். ஆனால் இரண்டு, மூன்று நாட்களை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து மேகம் வந்து இரண்டு நாள் விடாமல் பனி கொட்டினால், எல்லைச் சாலை அமைப்பினர் வழி வெட்டித் தரும் வரை யாரும் அசைய முடியாது. அலுவலகத்தில் அதற்கேற்ப விடுப்பு சொல்லுங்கள். சண்டிகரிலிருந்து திரும்பும் விமானச் சீட்டை, தேதி மாற்றக்கூடிய வகையில் எடுங்கள்.

எடுத்த படங்களைப் பதிவிடும்போது சரியான இடத்தைக் குறிக்காதீர்கள். பனிச்சிறுத்தையின் உடல் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, அவற்றை வைத்தே ஆய்வாளர்கள் தனித்தனி விலங்கை அடையாளம் காண்கிறார்கள். பக்கவாட்டில் தெளிவாக விழுந்த படம் இருந்தால், தேதியோடும் இடத்தோடும் உங்கள் தடம் பார்ப்பவர் வழியாகவே அவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.